துவாஸில் ஊழியம் செய்ய வரும் இளையோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

தமிழ்த் தொழிலாளர்களிடையே ஊழியம் செய்யவென்று சிங்கப்பூர் வரும் இளம் மிஷனரி, தீவின் மேற்குக் கோடியான துவாஸுக்கு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் போயே ஆகவேண்டும். ஒரு காலத்தில் மீன்பிடிக் கிராமமாக இருந்த இடம் அது. இன்று கப்பல் பட்டறைகள், தொழிற்சாலைகள், 2022-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பெருந்துறைமுகம், 1998 முதல் மலேசியாவுக்குப் போகும் இரண்டாவது பாலம், இவற்றுக்கு நடுவே ஆயிரக்கணக்கானோர் தங்கும் தொழிலாளர் விடுதிகள் என்று ஆகிவிட்டது. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், திருவாரூர், கடலூர் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு நடுவே வாழ வேதாகமக் கல்லூரிப் படிப்போடு துவைக்க, சமைக்க, கணக்கு எழுத, நேரம் பார்க்கவும் தெரிய வேண்டும். அதற்கான குறிப்புகள் இவை.

1. அனுமதிச் சீட்டை முதலில் கவனியுங்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்யக் கூடாது. குறுகிய காலத்துக்கு வந்து போதிப்பவருக்கு மனிதவள அமைச்சு 'மிஸ்ஸலேனியஸ் வொர்க் பாஸ்' தருகிறது. அதன் எல்லை அதிகபட்சம் 60 நாள். அதற்குமேல் தங்கி ஊழியம் செய்ய, உங்களை அழைக்கும் சபைதான் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். "வந்து இறங்குங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

2. பெட்டி கட்டும்போது அடுத்தவர் பொட்டலம் வேண்டாம். "சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று ஊரில் நீட்டப்படும் பையில் மெல்லும் புகையிலை இருக்கலாம். அது இங்கே தடை. சூயிங்கம் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் 1992 முதல் தடை உண்டு. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றை உங்கள் சொந்த உபயோகத்துக்கே கொண்டுவந்தாலும் முன் அனுமதி வேண்டும். மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். கோட்டு, டை இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வெளிர்நிறப் பருத்திச் சட்டைகள் எடுத்துவாருங்கள். வியர்வையில் நனைந்து சாயம் போகும் துணி இங்கே ஒரு மாதம் தாங்காது.

3. அறை எடுக்கும்போது எழுத்து முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பதென்றால் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும். உரிமையாளர் முறைப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. துவாஸில் குடியிருப்பு வீடு கிடைக்காது. ஜூரோங் வெஸ்ட், பூன் லே பக்கம் பாருங்கள். வீட்டு உரிமையாளர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் சமையலறையில் என்ன சமைக்கலாம், எந்தப் பாத்திரத்தைத் தொடலாம் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். அந்த அறையைச் சபைக்கூடமாக ஆக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஜெபிப்பது வேறு. ஞாயிறுதோறும் வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடப்பது வேறு. கைத்தாளமும் உரத்த பாட்டும் சுவருக்கு அப்பால் இரவு ஷிப்டு முடித்துத் தூங்குபவரை எழுப்பும்.

4. துணி உலர்த்தக் காலையில் வானத்தைப் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீர்க் காற்றுமழை வரும். மேற்கிலிருந்து வருவதால் துவாஸும் ஜூரோங்கும்தான் அதில் முதலில் நனையும். இரவே துணியைக் கழியில் மாட்டி வெளியே நீட்டிவிட்டுப் படுத்தால் காலையில் மறுபடி பிழிய வேண்டியிருக்கும். சொட்டச் சொட்ட நீட்டவே கூடாது. கீழ்வீட்டுக்காரரின் உலர்ந்த துணிமேல் விழும். நன்றாகப் பிழிந்து, கழியை அதற்குரிய பிடியில் இறுக்கி மாட்டுங்கள். கழி கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

5. துணியில் ஈரவாடை வந்தால் அரை வாளித் தண்ணீரில் ஒரு கிண்ணம் வெள்ளை வினிகர் விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். வினிகரோடு பிளீச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். கிரீஸ் கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாகத் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். இந்தக் கிரீஸ் குறிப்பைத் தொழிலாளத் தம்பிகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்குத்தான் இது தினசரிப் பாடு. நனைந்த சப்பாத்துக்குள் பழைய 'தமிழ் முரசு' தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரம் இழுத்துவிடும்.

6. வேதாகமத்தைப் பூஞ்சையிலிருந்து காப்பாற்றுங்கள். இங்கே காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். தோல் அட்டை போட்ட வேதாகமத்தை அலமாரியில் அடைத்து வைத்தால் சில வாரங்களில் வெள்ளையாகப் பூக்கும். புத்தகங்களை வெளிச்சுவரை ஒட்டி அடுக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியிலும் பையிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் அலமாரியில் போடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் உலர்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே துடைத்து, மின்விசிறிக் காற்றில் பக்கங்களை விரித்து வையுங்கள். வெயிலில் காயப்போட்டால் அட்டை வளைந்துவிடும். தினமும் திறந்து வாசிக்கப்படும் வேதாகமத்தில் பூஞ்சை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

7. தண்ணீர் தேங்க விடாதீர்கள். பூச்சாடி அடித்தட்டு, குளியலறை வாளி, துணி காயப்போடும் கழிச்செருகி ஆகிய இடங்களில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கி இங்கே ஆண்டுதோறும் வரும் நோய். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதிப்பார்கள், புழு இருந்தால் அபராதம் உண்டு. வெளியூர் போகும் முன் வாளிகளைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

8. கட்டுச்சோற்றில் கவனம் வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை உணவு கொண்டுபோவது இந்த ஊழியத்தில் பெரிய பங்கு. பல தொழிலாளர்களின் மதியச் சாப்பாடு விடியும் முன்பே பொட்டலமாகி சைட்டுக்கு வந்துவிடுகிறது. பன்னிரண்டு மணிக்கு வெயிலில் அதைப் பிரிக்கும்போது குழம்பு புளித்திருக்கும். வாரம் முழுக்க அப்படிச் சாப்பிட்டவருக்கு நீங்களும் கெட்டுப்போகிற சோற்றையே கொண்டுபோகக் கூடாது.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது என்பது இங்கே கேட்டரிங்காரர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் அளவு. நீங்களும் அதையே பிடியுங்கள். புளிக்காய்ச்சலை முதல் நாளே நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சி வையுங்கள். காலையில் சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஆவி முழுக்க அடங்கிய பிறகு கிளறிப் பெட்டியில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்துச் சோறு நசநசத்துப்போகும். தயிர்ச்சோற்றுக்குச் சோற்றைக் குழைய மசித்து, பால் ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுக் கிளறுங்கள். போய்ச் சேரும் நேரத்துக்குப் புளிக்காமல் தயிராக உறைந்திருக்கும். அதில் வெங்காயம் போடாதீர்கள். தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சோறு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பருப்புத் துவையலோ கறிவேப்பிலைப் பொடியோ தாங்கும்.

நூறு பேருக்குப் பிரியாணி என்று பெரிய ஏற்பாடு செய்வதைவிட, பத்துப் பேருக்கு ரசம், கீரை, ஒரு பொரியல் என்று அளவாகக் கொண்டுபோவதே மேல் என்பது என் கருத்து. பிரியாணி லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காசு கொடுத்தால் கிடைக்கும். கீரை மசியலுக்கு யாரிடம் போவார்கள்?

9. இட்லி மாவை நெடுநேரம் வெளியே வைக்க வேண்டாம். இங்கே இரவிலும் புழுக்கம்தான், ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். படுக்கப் போகும்போது கரைத்து வைத்து, எழுந்ததும் முதல் வேலையாகக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அரைக்க வசதி இல்லையென்றால் கடையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது, வெட்கப்படாமல் வாங்குங்கள்.

10. ஒரு சட்டியைச் சைவத்துக்கென்று தனியே ஒதுக்குங்கள். உங்களைப் பார்க்க வரும் தம்பி கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கலாம், புரட்டாசியில் கறி விட்டிருக்கலாம், வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாம். "என் வீட்டில் எல்லாம் ஒன்றுதான்" என்று அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். மீன் வறுத்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதீர்கள். ரமலான் மாதத்தில் முஸ்லிம் தம்பி வந்தால் நோன்பு திறக்கும் நேரம் பார்த்துப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வையுங்கள். அவர் நம்பிக்கையை மதிப்பதால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது.

11. வழி தெரிந்து புறப்படுங்கள். கிழக்கு மேற்கு ரயில் பாதை துவாஸ் வரை நீட்டப்பட்டது 2017 ஜூன் 18-இல். குல் சர்க்கிள், துவாஸ் கிரெசென்ட், துவாஸ் வெஸ்ட் ரோடு, துவாஸ் லிங்க் என்று நான்கு நிலையங்கள். ஆனால் விடுதி பெரும்பாலும் நிலையத்திலிருந்து பேருந்து தூரம். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை நிறுத்தத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கனரக லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலைகள் அவை. இருட்டில் கறுப்புச் சட்டை போட்டு நடக்காதீர்கள். குடையும் ஒரு லிட்டர் தண்ணீரும் பையில் நிரந்தரமாக இருக்கட்டும். உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. இடி கேட்டால் திறந்த வெளியில் குடை பிடித்து நடக்காமல் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள்.

12. விடுதிக்குப் போகும் நேரம். முறைப்படி அனுமதி வாங்கி, வாசலில் பதிவு செய்துதான் உள்ளே போக வேண்டும். அதன் பிறகும் கடிகாரம் பாருங்கள். ஓட்டி (ஓவர்டைம்) முடித்து எட்டரை, ஒன்பதுக்கு லாரியில் வந்து இறங்குகிறவருக்குக் குளிக்க வரிசை, அடுப்புக்கு வரிசை, துவைக்க வரிசை. அதெல்லாம் முடிந்து ஊருக்குப் போன் போடும் நேரத்தில் நீங்கள் போய் உட்கார்ந்தால், அன்றைக்கு அவர் மகளோடு பேசும் பத்து நிமிடம் உங்களுக்குப் போய்விடும். மறுநாள் நாலரை, ஐந்துக்கு எழ வேண்டியவரிடம் நீண்ட ஜெபம் வேண்டாம். வார நாளில் பத்து நிமிடம் போதும். நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். அவர் கேட்டால் ஜெபியுங்கள்.

கட்டிலில் உட்காரும் முன் கேளுங்கள். புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்குமேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அதற்கு முன் கட்டியவற்றில் இடம் இன்னும் நெருக்கம். அந்த நெருக்கத்தில் ஒரு மனிதனுக்குச் சொந்தமென்று இருப்பது அவர் கட்டில் ஒன்றுதான். படுக்கைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கும் குடும்பப் படத்தையும் சாமி படத்தையும் கைப்பேசியில் எடுத்து ஊழிய அறிக்கைக்கு அனுப்பாதீர்கள். எந்தத் தொழிலாளியின் முகத்தையும் அவர் சம்மதம் இல்லாமல் நன்கொடையாளருக்குக் காட்டாதீர்கள்.

13. கைப்பிரதியைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள். இங்கே 1990-இல் இயற்றப்பட்ட மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் திருத்தங்கள் 2022 நவம்பர் 1-இல் நடப்புக்கு வந்தன. பிற மதத்தை இழிவுபடுத்தும் பிரதிகளை அஞ்சலில் அனுப்பியதற்காக ஒரு கிறிஸ்தவத் தம்பதியருக்கு 2009-இல் ஆளுக்கு 8 வாரச் சிறைத் தண்டனை கிடைத்தது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. சோற்றுப் பொட்டலத்துக்குள் கைப்பிரதியைச் செருகிக் கொடுத்தால், பசிக்கு வாங்குகிறவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை போய்விடுகிறது. சோற்றைச் சோறாகக் கொடுங்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவராகக் கேட்கும் நாளில் மறைக்காமல் சொல்லுங்கள்.

14. சிநேகிதராக இருக்கப் பழகுங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களை வேற்று மொழி நாட்டுக்கு அனுப்பிய சங்கம் அது. அவர் 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டவர் முன் நின்று, உங்கள் தியாகமும் கொடையும் போதாது, எங்களுக்குச் சிநேகிதர்களாக இருங்கள் என்ற பொருள்படப் பேசினார். அன்று வெள்ளைக்காரரைப் பார்த்துச் சொன்னது இன்று பட்டம் படித்து, சுத்தமான சட்டையோடு விடுதி வாசலில் நிற்கும் நமக்கும் பொருந்தும். வயதில் மூத்தவரை "அண்ணே" என்று கூப்பிடுங்கள். ஊர் எது, எந்த ஒன்றியம், அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் எவ்வளவு என்று முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். பழகிய பின் அவரே சொல்வார்.

வங்காளதேசத் தொழிலாளர்களும் பக்கத்துக் கட்டிலில் இருப்பார்கள். நலம் கேட்க நாலு வங்காள வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு முதலில் செய்த வேலையும் மொழி கற்றதுதான்.

15. சம்பளப் பிரச்சினைக்கு ஜெபத்தோடு ஆவணமும் வேண்டும். இந்த விவரங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். வேலைக்கு வருமுன் ஊரில் கிடைத்த 'ஐபிஏ' எனப்படும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்துக் குடும்பத்தாருக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். 2016 ஏப்ரல் முதல், விவரம் பிரித்து எழுதிய சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓட்டிப் பணமும் வந்தாக வேண்டும். ஓட்டிக்கு அடிப்படை மணிக்கூலியைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு.

தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். நல்ல பேனாவும் நோட்டும் வாங்கிக் கொடுங்கள், பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ கொடுக்கக்கூடிய பரிசுகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை. முறையீடு செய்ய 'டாடெம்' எனப்படும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணி இருக்கிறது. வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள்ளும் போக வேண்டும். "பொறுமையாக இருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அந்த 6 மாதத்தை வீணாக்கினால் அது அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் அநியாயம். வழி தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேரத் தொலைபேசி 6536 2692. சட்டம் தெரியாமல் நீங்களே முதலாளியிடம் போய் வாதாடாதீர்கள். தொழிலாளி ஊருக்குத் திருப்பி அனுப்பப்படும் ஆபத்தும் இருக்கிறது.

16. காயம்பட்டவருக்குச் செய்ய வேண்டியவை. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். நடந்த இடம், நாள், நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கட்டும். படித்துப் புரியாத ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மேற்கில் அடிபட்டவர்களைப் பெரும்பாலும் ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையில் சேர்ப்பார்கள். பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஆரஞ்சும் வேண்டாம். சைட்டிலிருந்து அப்படியே வந்தவரிடம் ஒன்றுமே இருக்காது. கைப்பேசி சார்ஜர், பவர்பேங்க், பல்துலக்கி, பற்பசை, ரப்பர் செருப்பு, ஒரு கைலி, துண்டு, தமிழ்ப் பத்திரிகை இவற்றை ஒரு பையில் எப்போதும் தயாராக வைத்திருங்கள். ஒன்று கொடுத்தவுடன் அடுத்த பையைக் கட்டி வையுங்கள். செவிலியர் சொல்வதை மொழிபெயர்க்கும்போது கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி, மருத்துவமனை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

17. மரணச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இதில் அவசரமே கூடாது. நிறுவனமும் காவல்துறையும் உறுதி செய்த பிறகு, மூத்த போதகர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த ஊரில் குடும்பத்துக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரை முதலில் வீட்டுக்கு அனுப்பி, பிறகுதான் மனைவியிடமோ தாயிடமோ பேச வேண்டும். உடலை ஊருக்கு அனுப்பும் காகித வேலைக்குக் கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகம் உதவும். இறந்தவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தால் அவர் முறைப்படியான சடங்குக்கு ஆள் தேடிக் கொடுப்பதும் உங்கள் ஊழியம்தான். பிறகு அறைத் தோழர்களிடம் போங்கள். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறவர்கள் அவர்கள்.

யாராவது சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் 1767. உயிருக்கு ஆபத்து என்றால் 995.

18. பணம் இரண்டு உறையில் இருக்கட்டும். சபை கொடுத்த ஊழியப் பணம் ஓர் உறை, உங்கள் படிப்பணம் ஓர் உறை. ஒவ்வொரு வெள்ளிக்கும் (டாலருக்கும்) ரசீது எடுத்து அன்றிரவே எழுதுங்கள். தொழிலாளரிடம் கடன் வாங்காதீர்கள், கடன் கொடுக்கவும் வேண்டாம். கொடுத்தால் கொடையாகவே கொடுங்கள். விடுதியில் காணிக்கைப் பை சுற்றுவதை நான் ஏற்கவில்லை. கடனடைக்க வந்தவரின் பணம் முதலில் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கி யாருக்கும் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கையும் இரவல் கொடுக்காதீர்கள். மோசடிக் கும்பல்கள் இப்படித்தான் நுழைகின்றன. இரவல் கொடுத்தவரும் குற்றவாளியாவார்.

19. சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தனியாக விடுதிப் பக்கம் போக வேண்டாம், இருவராகப் போங்கள். உங்களுக்கு இன்னொரு பெரிய ஊழியம் வீட்டுப் பணிப்பெண்களிடையே காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் விரித்த பாயில் அவர்களோடு உட்காருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடும்போது சொல்லப்படும் விஷயங்கள் எந்தக் கூட்டத்திலும் சொல்லப்படுவதில்லை.

20. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. துவாஸ் லிங்கில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறினால் லிட்டில் இந்தியா நிலையம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொவிட் காலத்தில் விடுதியைவிட்டு வெளியே போகவே அனுமதி வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு 2022 ஜூன் 24-இல் நீங்கியபோதும், ஞாயிறும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா உட்பட நான்கு இடங்களுக்குப் பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. ஆகவே யாரையாவது சபைக்கு அழைத்தால் அந்தப் பாஸ் இப்போதும் தேவையா என்று முதலில் விசாரியுங்கள். அங்கே ஷார்ட் ஸ்திரீட்டில் 1887-இல் தொடங்கிய தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. ஓஃபிர் சாலையில் 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து மாதா ஆலயம், டார்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம். அவ்வளவு தூரம் வர முடியாதவருக்கு ஜூரோங் தமிழ் மெதடிஸ்ட் சபை அருகில் உண்டு. சபைக்கு வந்தவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து ஆராதனை முடிந்ததும் மறந்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

21. உங்கள் உடம்பையும் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு எடுங்கள். சிங்கப்பூர் நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே இரவு ஒன்பதென்றால் அம்மாவுக்கு ஆறரை. விளக்கேற்றும் அந்த நேரத்தில் கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே எப்போதும் சொல்லாதீர்கள். தனிமை அழுத்தினால் மூத்த ஊழியர் ஒருவரிடம் மறைக்காமல் பேசுங்கள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் அடுத்தவர் துக்கத்தை மட்டும் சுமந்துகொண்டிருந்தால் எந்தப் பிள்ளையும் சோர்ந்துவிடும்.

22. திரும்பிப் போகும் முன். உங்கள் காலம் முடியும்போது, நடந்துகொண்டிருக்கும் காரியங்களைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருடைய சம்பள வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யாருக்கு அடுத்த மருத்துவச் சந்திப்பு எந்த நாள், யாருடைய தாய்க்கு யார் போன் செய்து வருகிறார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். ரகசியமாகச் சொன்னவற்றை எழுதாதீர்கள். அந்த நோட்டைச் சபைப் போதகர் கையில் கொடுத்து, அடுத்து வருகிறவரை ஒருமுறையாவது துவாஸுக்கு உடன் அழைத்துப்போய் ஒவ்வொருவரிடமும் அறிமுகப்படுத்திவிட்டுப் புறப்படுங்கள்.